கணக்கு நோட்டு நின்றுபோன இடம்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறான். "எனக்குப் படிப்பு ஏறாது, விட்டுவிடுங்கள்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அதற்கு முன்பே வயிற்றுவலி, தலைவலி என்று அடிக்கடி லீவு போட்டான். இரவு ஒரு மணி வரை செல்போன்; காலையில் எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. வகுப்பாசிரியர், "சோம்பேறி, முயற்சியே செய்வதில்லை. இந்த ஆண்டு தேறமாட்டான், இதே வகுப்பில் மறுபடியும் உட்காரட்டும்" என்கிறார். அவன் அப்பாவோ, "தம்பியின் மெக்கானிக் பட்டறைக்கு அனுப்பிவிடுவோம். நாலு காசு சம்பாதித்தால் புத்தி வரும்" என்கிறார். பட்டறைக்கு மட்டும் யாரும் சொல்லாமலே போய்விடுகிறான். அவன் அக்கா நன்றாகப் படிப்பவள். அவளைப் பார்த்தாவது திருந்தக்கூடாதா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. பையைச் சுத்தம் செய்தபோது பார்த்தேன், கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் ஒன்றுமே எழுதவில்லை. நான் வளர்த்த விதத்தில்தான் ஏதாவது தவறா, ஐயா?
— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். செல்போன், சோம்பல், பட்டறை என்று பலவற்றைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் கணக்கு நோட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். பள்ளி ஆலோசகராக இத்தனை ஆண்டுகளில், "இனிமேல் பள்ளிக்குப் போகமாட்டேன்" என்று சொல்லும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது காரணத்தை அல்ல. "உன் நோட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வா" என்பேன். பிள்ளை சொல்லத் தெரியாமல் தவிப்பதை நோட்டு சொல்லிவிடும்.

அப்படி வரும் நோட்டுகளில் முதல் சில பக்கங்கள் அழகாக இருக்கும். தேதி, தலைப்பு, அளவுகோல் வைத்துப் போட்ட அடிக்கோடு எல்லாம் இருக்கும். பிறகு ஒரு கணக்கு பாதியில் நிற்கும். அதன் கீழே நாலைந்து வரி இடம் விட்டிருக்கும். வீட்டுக்குப் போய் முடித்துவிடலாம், யாரிடமாவது கேட்டு எழுதிவிடலாம் என்று அந்தப் பிள்ளை விட்டுவைத்த இடம் அது. அந்தக் காலி இடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும், ஏனென்றால் அது சோம்பேறி விடும் இடமில்லை. சோம்பேறிக்கு இடம் விட வேண்டும் என்றே தோன்றாது. பக்கம் திருப்பத் திருப்ப அந்த இடங்கள் பெரிதாகும். அப்புறம் தலைப்பு மட்டும் இருக்கும். அப்புறம் தேதி மட்டும். அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்தான்.

உங்கள் மகன் பள்ளியை விட்டு மூன்று வாரம் ஆகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நோட்டில் எழுத்து எந்தத் தேதியில் நின்றதோ அந்தத் தேதியில்தான் அவன் பள்ளியை விட்டான். அதற்குப் பிறகு பல மாதங்கள் உடம்பு மட்டும் போய் வந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதுவும் நின்றது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "ஏன் போகமாட்டேன் என்கிறாய்?" என்று இன்றைக்கு நடந்ததைப் பற்றிக் கேட்டால் அவனிடம் பதில் இருக்காது, ஏனென்றால் இன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. அவனுக்கே அது கோவையாகத் தெரியாது. அதனால்தான் "ஏறாது" என்ற ஒரே சொல்லில் நிற்கிறான்.

கணக்கில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 14 வயதுப் பெண் ஒருத்தி, இதே போலப் பள்ளியை விட்டுவிடுகிறேன் என்று வந்தாள். அவள் நோட்டைப் புரட்டியபோது ஓரிடத்தில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டியிருந்தாள். விடை ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறாள். "அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் கூடுமா, குறையுமா?" என்று கேட்டேன். "கூடும்" என்றாள். "ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரியதா?" என்றேன். ஒரு தாளை எடுத்து ஐந்து கட்டம் போட்டு இரண்டுக்கு நிறம் தீட்டிப் பார்த்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னம் என்பதை அவள் பத்து வயதில் தவறாகப் பிடித்துக்கொண்டாள். நாலு ஆண்டுகளாக அந்த விடைகளுக்கு மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்திருக்கிறது. ஏன் இப்படிப் போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னம் தெரியாமல் விகிதம் வராது, சதவீதம் வராது, இயற்கணிதத்தில் பல சமன்பாடுகளைத் தீர்க்க முடியாது. மேல் வகுப்பில் எந்தப் பாடம் நடந்தாலும் அவளுக்கு அது தெரியாத மொழியில் நடக்கும் பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

தெரியாத மொழியில் பேசும் ஓர் அறையில் உங்களை உட்காரவைத்து, தினம் முக்கால் மணி நேரம் அசையாதே என்று சொல்லி, அவ்வப்போது எழுப்பிக் கேள்வி கேட்டு, விழித்தால் எல்லோரும் சிரித்தால் உங்களுக்கு எத்தனை நாள் தாங்கும்? காலையில் வயிறு வலிக்கத்தானே செய்யும்? அந்த வலி பெரும்பாலும் பொய்யில்லை. பயத்தில் குடல் உண்மையிலேயே முறுக்கிக்கொள்ளும், தலை உண்மையிலேயே கனக்கும். "நடிக்கிறான்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், அது தவறு என்று அவனிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

"சோம்பேறி" என்ற பட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 15 வயதுப் பிள்ளைக்கு இரண்டு பட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முட்டாள் என்பதைவிடச் சோம்பேறி என்பதைத்தான் ஏற்றுக்கொள்வான். முயன்று தோற்றால் மூளை இல்லாதவன் என்று ஆகிவிடும். முயலாமலே தோற்றால், நினைத்திருந்தால் செய்திருப்பேன் என்ற கௌரவமாவது மிஞ்சும். உங்கள் மகன் அந்தக் கடைசிக் கௌரவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். "அக்காவைப் பார்" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவன் பிடி இறுகும். தயவுசெய்து அந்த ஒப்பீட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் கேட்காவிட்டாலும் இதை மட்டும் கேளுங்கள்.

படிப்பை நடுவில் விடும் பிள்ளைகள் அறிவு குறைந்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவில், உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் விட்ட 16 முதல் 25 வயது வரையிலானவர்களிடமே நேராகக் கேட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்களில் 100-க்கு 88 பேர் பள்ளியை விட்டபோது தேர்ச்சி மதிப்பெண் வைத்திருந்தவர்கள். வகுப்பில் மனம் ஒட்டவில்லை என்பதை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னவர்கள் 47 பேர். பல நாட்கள் வராமல் இருந்துவிட்டதால் திரும்பி வந்து பாடத்தை எட்டிப்பிடிக்க முடியவில்லை என்றவர்கள் 43 பேர். இந்த இரண்டாவது எண்ணை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் பாடம் இன்னும் புரியாது. புரியாததால் இன்னொரு நாள் போகத் தோன்றாது. சிகாகோ நகரப் பள்ளிகளில், உங்கள் மகன் படிக்கும் அதே ஒன்பதாம் வகுப்பை வைத்து 2007-ல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: யார் பாடத்தில் தோற்பார்கள் என்பதை, முந்தைய ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவு எட்டு மடங்கு துல்லியமாகச் சொன்னது. வருகைப் பதிவேடு ஒழுங்கைக் காட்டுவதற்கு மட்டுமே என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது காய்ச்சல் பார்க்கும் கருவி. உங்கள் மகனுக்கு அது பல மாதங்களாகச் சூடு காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பள்ளியில் ஒருவரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அது அவன் குற்றமில்லை.

கணக்கு மட்டும்தான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை. இங்கிருந்து என்னால் அப்படிச் சொல்ல முடியாது. பள்ளிக்குப் போக மறுப்பதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர் கிறிஸ்டோபர் கியர்னி என்ற அமெரிக்க உளவியலாளர். "ஏன் போகவில்லை?" என்பதற்குப் பதிலாக, "போகாமல் இருப்பதால் இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?" என்று அவர் கேட்கிறார். பள்ளியில் ஏதோ ஒன்று தரும் அச்சத்திலிருந்து தப்புவது. பலர் முன் நிற்பது, பதில் சொல்வது, தேர்வு எழுதுவது போன்றவற்றிலிருந்து தப்புவது. வீட்டில் ஒருவரின் அருகாமை. வெளியே கிடைக்கும் ஏதோ ஓர் இன்பம். இந்த நான்கில் ஒன்றோ இரண்டோ இருக்கும் என்கிறார். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவதும் நான்காவதும் உங்கள் மகனுக்குப் பொருந்துகின்றன. முதலாவது இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். சக மாணவர்கள் யாராவது அவனை மிரட்டுகிறார்களா, அடிக்கிறார்களா, செல்போனில் அவனைப் பற்றி எதையாவது பரப்புகிறார்களா, ஏதாவது ஓர் ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்தினாரா? பள்ளிக்குப் போகும் வழியில், கழிவறையில், விளையாட்டு வேளையில் நடப்பவை வகுப்பறைக்கே தெரியாது. ஆண் பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டில் சொல்வதும் அரிது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஓரிரு வரிகள். எல்லா வீட்டிலும் கதை இதுவாக இருக்காது. சில வீடுகளில் பிள்ளை வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். சில வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவோ, தம்பி தங்கைகளை வளர்க்கவோ மூத்த பெண்ணை நிறுத்திவிடுவார்கள். மாதவிடாய் நாட்களில் பயன்படுத்தத் தகுந்த கழிவறை இல்லாததால் மாதந்தோறும் சில நாட்கள் விட்டு, பிறகு மொத்தமாக விட்ட பெண் பிள்ளைகள் உண்டு. இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் எத்தனையோ பேரின் படிப்பைப் பறித்திருக்கின்றன. அந்த வீடுகளில் ஆலோசகரின் பேச்சைவிடப் பணமும் ஏற்பாடும்தான் முதலில் வேண்டும். மெக்சிகோ அரசு 1997-ல் தொடங்கிய திட்டம் ஒன்றில், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் உதவித்தொகை கொடுத்தார்கள். இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்கு அதைக் கூட்டியே கொடுத்தார்கள். குறிப்பாக இடைநிலைப் பள்ளியில் சேர்க்கை உயர்ந்தது. ஏழைப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். அதே வகுப்பில் மறுபடியும் உட்காரவைப்பதை நான் ஏற்கவில்லை. புரியாத பாடத்தை, அதே முறையில், இன்னோர் ஆண்டு கேட்டால் எப்படிப் புரியும்? இதிலே மானப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. தன்னைவிடச் சிறியவர்களோடு, மீசை அரும்பிய பையன் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். நண்பர்கள் எல்லோரும் மேல் வகுப்புக்குப் போயிருப்பார்கள். சிகாகோ மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆறாம் வகுப்பில் நிறுத்திவைத்தது பிற்காலத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. எட்டாம் வகுப்பில் நிறுத்திவைத்தது படிப்பை விட்டுவிடும் வாய்ப்பைக் கூட்டியது. வயது ஏற ஏற அந்த அடி பலமாக விழுகிறது. ஆசிரியரிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள். "மறுபடியும் ஓர் ஆண்டு உட்கார்ந்தால் இவனுக்கு எந்தப் பாடம், எந்த முறையில் வேறுவிதமாகச் சொல்லித்தரப்படும்?" என்று பணிவாகக் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இருந்தால் யோசிக்கலாம்.

செல்போனையும் இரவு விழிப்பையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே பின்னுக்குப் போகும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி காலை 8.30-க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று 2014-ல் பரிந்துரைத்தது. அதற்காக ஒரு மணி வரை விழித்திருக்கலாம் என்று சொல்லவில்லை. போனை இரவு வேறு அறையில் வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்குமே வரட்டும், உங்களையும் அவன் அப்பாவையும் சேர்த்து. ஆனால் போனைப் பிடுங்கினால் பள்ளிக்குப் போய்விடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். பகலெல்லாம் தோற்றவனுக்கு இரவில் ஏதோ ஒரு விளையாட்டில் ஜெயிக்க முடிகிறது. பகலில் ஜெயிக்க ஏதாவது கிடைத்தால் போனின் பிடி தானாகவே தளரும்.

இத்தோடு சில பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். கண், காது இரண்டையும் சோதியுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைச் சொல்லத் தெரியாமல் மூன்று ஆண்டுகள் ஓட்டிய பையனை நான் பார்த்திருக்கிறேன். வாசிப்பதில் தடுமாற்றம் இருக்கிறதா, எழுத்துகள் மாறிப்போகின்றனவா, எண்களைக் கையாள்வதில் வயதுக்கு மீறிய சிரமம் இருக்கிறதா என்று கற்றல் குறைபாட்டை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மிக முக்கியமானது இது: பட்டறைக்கு ஆர்வமாகப் போகிறான் என்று நீங்கள் எழுதியது எனக்கு நிம்மதி தந்தது. அந்த ஆர்வமும் போய், சாப்பாடு பிடிக்காமல், நண்பர்களைப் பார்க்காமல், "நான் இருந்தென்ன, போயென்ன" என்பது போலப் பேச ஆரம்பித்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மனநலச் சிக்கல்களில் பல இந்த வயதில்தான் தலைகாட்டுகின்றன. படிப்பில் நாட்டமின்மை என்று நாம் நினைப்பது சில சமயம் நோயின் முதல் அறிகுறியாக இருக்கும்.

இனிப் பட்டறை. "படிக்காவிட்டால் பட்டறைதான்" என்று மிரட்டவும் வேண்டாம், "பட்டறைப் பக்கமே போகாதே" என்று தடுக்கவும் வேண்டாம். அங்கே அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருநாள் போய் நின்று பாருங்கள். கிளம்பாத வண்டி ஒன்று அவன் கைபட்டுக் கிளம்புகிறது. உழைத்ததன் பலன் அரை மணியில் தெரிந்துவிடுகிறது. சித்தப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், "பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்று நம்பிக் கேட்கிறார். தப்பாகப் பொருத்தினால் கழற்றி மறுபடியும் பொருத்தச் சொல்கிறார். அதற்காக ஆண்டு இறுதியில் "தோல்வி" என்று எழுதி ஒட்டுவதில்லை. பள்ளியில் அவனுக்குக் கிடைக்காத அத்தனையும் அங்கே கிடைக்கிறது. தன்னால் கற்க முடியும் என்பதற்கு அவனிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பட்டறை. அதைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் எதுவும் மிஞ்சாது.

ஆனால் அவன் அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வேலைக்குப் போனால் புத்தி வந்து திரும்பிப் படிப்பான் என்பது பெரும்பாலும் நடப்பதில்லை. 15 வயதில் கைக்கு வரும் பணம் பெரிய பணமாகத் தெரியும். அதை விட்டுவிட்டுப் போய், தன்னைத் தோற்கடித்த பெஞ்சில் மறுபடியும் உட்கார எவனுக்கு மனம் வரும்? அவன் வயது ஏறும், வீட்டுப் பொறுப்பு ஏறும், திரும்பும் வழி மட்டும் நீண்டுகொண்டே போகும். நான் முன்பு சொன்ன அதே அமெரிக்க ஆய்வில், மறுபடியும் வாய்ப்பு கிடைத்திருந்தால் படிப்பை விட்டிருக்கமாட்டோம் என்றவர்கள் 100-க்கு 74 பேர். முழுநேர வேலையைப் பற்றி உலகத் தொழிலாளர் அமைப்பின் 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கை, கட்டாயக் கல்வி முடியும் வயதுக்கு முன் பிள்ளையை வேலையில் சேர்க்கக்கூடாது என்கிறது. ஆபத்தான வேலைக்கு 18 வயது ஆக வேண்டும் என்கிறது. வெல்டிங் பொறியும் பேட்டரி அமிலமும் உள்ள இடம் அது. ஆகவே வாரக் கடைசியில் ஒருநாள், சித்தப்பா கூடவே நிற்க, ஆபத்தில்லாத வேலை மட்டும் என்று ஒரு வரம்பு வையுங்கள். சித்தப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். அவர் வாயிலிருந்து "பள்ளியை முடி, நான் உனக்கு முறையாக இந்தத் தொழிலைக் கற்றுத்தருகிறேன்" என்று ஒரு வார்த்தை வந்தால், நீங்களும் நானும் சொல்லும் ஆயிரம் வார்த்தைக்குச் சமம். எந்தத் தொழிற்பயிற்சிக்குப் போனாலும் பள்ளிச் சான்றிதழைத்தானே முதலில் கேட்கிறார்கள்?

சித்தப்பா இன்னொன்றும் செய்யலாம். பல்சக்கரத்தில் இருபது பல், நாற்பது பல் என்று எண்ணி, சின்னது எத்தனை சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று சுற்றும் என்று அவனைக் கேட்கலாம். அது விகிதம்தான். அவன் அதைக் கையால் ஏற்கெனவே அறிந்திருப்பான்.

மகனிடம் நீங்கள் எப்படிப் பேசுவது? எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, துணி மடிக்கும்போது, கண்ணோடு கண் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் பேசுங்கள். "எந்தப் பீரியட் மணி அடித்தால் உனக்கு வயிறு கலங்கும்?" என்று கேளுங்கள். "எந்தப் பீரியட் பரவாயில்லை?" என்றும் கேளுங்கள். அவன் ஒரு வரி சொன்னால் உடனே அறிவுரை சொல்லிவிடாதீர்கள். சும்மா இருங்கள். இரண்டாவது வரி அதற்குப் பிறகுதான் வரும். அது இரண்டு நாள் கழித்தும் வரலாம்.

பிறகு பள்ளிக்குப் போங்கள். வகுப்பாசிரியரோடு மோதுவதைவிட, அவன் "பரவாயில்லை" என்று சொன்ன அந்தப் பீரியடின் ஆசிரியரைத் தேடிப் பிடிப்பது மேல். விளையாட்டு ஆசிரியராக இருந்தாலும் சரி. காலையில் அவன் உள்ளே நுழையும்போது பெயர் சொல்லி "வந்துவிட்டாயா" என்று கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். இது சின்ன விஷயமாகத் தோன்றும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவாக்கிய ஒரு முறையின் அடிப்படையே இதுதான்: ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், குறைந்தது இரண்டு ஆண்டுகள். அவர் வருகையையும் மதிப்பெண்ணையும் அடிக்கடி பார்ப்பார், பிள்ளையோடு பேசுவார், வீட்டோடு பேசுவார். பிள்ளை எத்தனை முறை சறுக்கினாலும் கைவிடமாட்டார். அந்த முறையில் சேர்ந்த பிள்ளைகளில் படிப்பை விட்டவர்கள் குறைவு.

முதல் நாளே முழு நேரமும் உட்கார வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். பள்ளி சம்மதித்தால் முதல் வாரம் இரண்டு பீரியடிலிருந்து தொடங்கலாம். போகாத நாளில் வீடு விடுமுறை போல இருக்கக்கூடாது. திட்டும் இல்லாமல், செல்போனும் இல்லாமல், சலிப்பாக இருந்தால் போதும். கணக்கைச் சொல்லித்தர நீங்களும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம், கட்டாயம் அக்கா வேண்டாம். பொறுமையுள்ள ஒருவரை, தினம் அரை மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நோட்டில் கடைசியாகச் சரியாகப் போட்ட கணக்கு எதுவோ, அதற்கு ஒரு படி கீழேயிருந்து தொடங்கட்டும். நான் சொன்ன அந்தப் பெண்ணை ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கவைத்தோம். அட்டை தெரிந்தால் தோழிகள் கேலி செய்வார்கள் என்று வெறும் தாளில் எழுதிக் கொடுத்தோம். அவள் அந்த ஆண்டு முதல் மதிப்பெண் எல்லாம் வாங்கவில்லை. கணக்கில் மட்டுமல்ல, வேறு ஒரு பாடத்திலும் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள். ஆனால் பள்ளியை விடவில்லை.

எல்லாம் செய்தும் அவன் இந்தப் பள்ளிக்குத் திரும்பாமல் போகலாம். அப்படியானால் வேறு பள்ளி, தொழில் கலந்த படிப்பு, வெளியிலிருந்து படித்துத் தேர்வு எழுதும் வழி என்று எது கிடைக்கிறதோ அதைத் தேடுங்கள். "விட்டுவிட்டான்" என்று உறவினரிடம் சொல்லாதீர்கள், "கொஞ்ச நாள் நிறுத்தியிருக்கிறான்" என்று சொல்லுங்கள். அவன் காதில் எது விழுகிறதோ அதைத்தான் தன்னைப் பற்றி நம்பப்போகிறான்.

கடைசியில் நீங்கள் கேட்ட கேள்வி. வளர்த்த விதத்தில் தவறா என்றால், நானறிந்தவரை இல்லை. ஒப்பிட்டுப் பேசியது தவறு, அதைத் திருத்திக்கொள்ளலாம். மற்றபடி, மூன்று வாரத்தில் கைவிடாமல் யாரிடமாவது கேட்போம் என்று உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அவன் பையைத் திறந்து, நோட்டைப் புரட்டிப் பார்த்தவரும் நீங்கள் ஒருவர்தான்.

அந்த நோட்டை மறுபடியும் எடுங்கள். இந்த முறை அவனுக்குத் தெரிந்தே எடுங்கள். கடைசியாக எழுதிய பக்கத்தில் என்ன பாடம் இருக்கிறது, தேதி என்ன, கீழே எத்தனை வரி இடம் விட்டிருக்கிறான் என்று பாருங்கள். அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.